தூபி இல்லாத கட்டுமானம்

பிக்கப் வண்டியின் திறனைக் கூட்டும் வேலை பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றத்தில்தான் தொடங்கும். எஞ்சினை ஆளும் கணினியின் கணக்கைத் திருத்தி எழுதுவது அந்த முதல் மாற்றம். பட்டறைக்காரர்கள் இதை ரீமேப் என்பார்கள். செலவு குறைவு, ஒரு மணி நேர வேலை, வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. 2016-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இசுசு வி-கிராஸ் பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் ஏறத்தாழ 134 குதிரைத்திறனும் 320 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தரக்கூடியது. ரீமேப் செய்ததும் டீசல் சற்றுக் கூடுதலாகப் பாய்கிறது, டர்போ சற்றுக் கூடுதலாகக் காற்றை அழுத்துகிறது, வண்டி முன்னைவிட விரைந்து எழுகிறது. உரிமையாளர் நினைத்தது இவ்வளவுதான். வேலை முடிந்தது என்றே அவரும் நம்புகிறார்.

சில வாரங்களில் கிளட்ச் வழுக்கத் தொடங்குகிறது. பழைய விசையைத் தாங்கச் செய்த கிளட்ச் புதிய விசையைப் பிடித்து நிறுத்த முடியாமல் திணறுகிறது. கனமான கிளட்ச் போட்டால் சுமை கியர்பாக்ஸுக்குப் போகிறது. டர்போ கூடுதலாக அழுத்தும் காற்று மேலும் சூடாவதால் பெரிய இன்டர்கூலர் தேவைப்படுகிறது, புகைபோக்கிக் குழாயும் அகலமாக வேண்டியிருக்கிறது. வேகம் இரு மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். ஆகவே பிரேக்கையும் மாற்ற வேண்டும். இதற்கிடையில் பெரிய டயர் வருகிறது. அது மட்கார்டில் உரசுவதால் வண்டியை உயர்த்த வேண்டியிருக்கிறது. உயர்த்தினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் மாறி அதிர்வு வருகிறது. டயரின் சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-இல் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய சக்கரத்தைச் சுழற்றக் கூடுதல் விசை வேண்டும் என்பதால் ரீமேப்பில் கிடைத்த இழுவையில் ஒரு பகுதியை டயரே தின்றுவிடுகிறது. உரிமையாளர் மறுபடி எஞ்சினிடம் வந்து நிற்கிறார். இப்போது பெரிய டர்போ வேண்டும்.

இந்தச் சங்கிலியில் வீண் ஆடம்பரம் என்று எளிதில் சுட்டிக்காட்டக்கூடிய கண்ணி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய மாற்றம் காரணமாக நிற்கிறது. எந்த நாளில் கேட்டாலும் உரிமையாளரிடம் சரியான விடை இருக்கும். பிரேக் தேவையா என்றால் உண்மையிலேயே தேவைதான். தொடக்கத்தில் எண்ணிய வேலைக்கும் இப்போது நடக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை. பழைய தத்துவ நூல்கள் வெகு காலமாகப் பேசிவந்த இரண்டு கேள்விகள் இங்கே சேர்ந்து எழுகின்றன. இத்தனையும் மாறிய பின் இது அதே வண்டிதானா? இந்த வேலை எங்கே முடியும்?

இக்கேள்விகளுக்குத் திருவள்ளூர் வட்டாரம் பொருத்தமான களம். இசுசுவின் டி-மேக்ஸ் பிக்கப் இந்தியாவில் முதலில் ஒன்றுசேர்க்கப்பட்ட இடம் திருவள்ளூரில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. 1990-களின் இறுதியில் மிட்சுபிஷி லான்சர் கார் அங்கேதான் உருவானது. 2016 ஏப்ரலில் இசுசு தன் சொந்த ஆலையை ஸ்ரீசிட்டியில் திறந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் ஆந்திர எல்லைக்கு அப்பால் சிறிது தொலைவில் அது இருக்கிறது. பின்னர் அதே திருவள்ளூர் ஆலையிலிருந்து சிட்ரோயன் கார் வெளிவந்தது. மிட்சுபிஷியும் இசுசுவும் சிட்ரோயனும் ஒரே வாசல் வழியாகச் சாலைக்கு வந்தவை. ஆலைக்கும்கூட அது அதே ஆலைதானா என்ற கேள்வியைக் கேட்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலோ பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் உலைகள் எரிகின்றன. ஆயுள் முடிந்த வண்டிகளின் இரும்பும் கட்டட இடிபாட்டு இரும்பும் அங்கே ஒரே குழம்பாகிப் புதுக் கட்டடங்களுக்குப் போகின்றன. பொருள் நிலைத்து வடிவம் அழிவதை இவ்வளவு கண்கூடாகப் பார்க்கக்கூடிய ஊர்கள் அதிகம் இல்லை.

முதல் கேள்விக்கு மிகப் பழைய விடைகளில் ஒன்று ஒரு தேரை முன்வைத்தே சொல்லப்பட்டது. பாலி மொழி நூலான மிலிந்த பஞ்ஹாவில், கிரேக்க வழி அரசன் மிலிந்தன் நாகசேனர் என்னும் பிக்குவைக் காணத் தேரில் வருகிறான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, இவற்றின் கூட்டம் தேரா, இவற்றுக்கு அப்பால் வேறொன்று தேரா என்று பிக்கு வரிசையாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் அரசன் இல்லை என்கிறான். அப்படியானால் தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர் மட்டுமே. ஆள் என்பதும் அவ்வாறே என்பது பௌத்த முடிவு. கிளட்சும் டர்போவும் டயரும் மாறிய பிக்கப்பைப் பார்த்து நாகசேனர் வியக்கமாட்டார். மாறுவதற்கு முன்பும் அங்கே வண்டி என்று தனியாக ஒன்று இருந்ததில்லை.

நியாய வைசேடிகத் தத்துவ மரபினர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. முழுமை என்பது உறுப்புகளின் குவியலுக்கு மேலான ஒரு தனிப்பொருள் என்பது அவர்கள் கட்சி. குவியலால் பாரம் இழுக்க முடியாது, வண்டியால் முடியும். ஆனால் இந்தக் கட்சிக்கு ஒரு விலை உண்டு. துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து புதுத் துணி பிறந்ததாக அவர்கள் சொல்ல வேண்டிவந்தது, சொல்லவும் செய்தார்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு பட்டறை நாளும் ஒரு வண்டியின் இறப்பு, இன்னொரு வண்டியின் பிறப்பு.

சமணர் நடுவழி சொன்னார்கள். பொருள் என்பது தோன்றுவதும் கெடுவதும் நிலைப்பதும் ஒருங்கே உடையது; அடிப்படைப் பொருள் நிலைக்க, அதன் பரியாயங்கள் எனப்படும் நிலைகள் மாறிக்கொண்டே இருக்கும். மகுடம் உருகிக் குடமானால் மகுடம் போயிற்று, குடம் வந்தது, பொன் நின்றது. இந்தக் கட்சியைத் தமிழில் வாதாடிய நூல் நீலகேசி. அதன் தலைவி பழையனூர் நீலி. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரே அது. நாட்டுப்புறக் கதையில் வஞ்சம் தீர்க்கும் பேயாக வரும் நீலி, சமண நூலில் முனிவரால் மனம் மாறி ஊர் ஊராகச் சென்று பௌத்த ஆசிரியர்களை வாதில் வெல்கிறாள். எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்றால் வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் என்றாகிவிடாதா என்பது சமணர் எறியும் கூர்மையான கேள்வி. பேய் என்று ஊர் தூற்றிய ஒருத்தியே முழுக்க மாறி, ஆனாலும் அவளாகவே நின்று இந்த வாதத்தைச் செய்கிறாள் என்பதில் நூலாசிரியரின் நுட்பம் இருக்கிறது. அவளே தன் கட்சிக்குச் சான்று.

சட்டத்தின் விடை எல்லாவற்றையும்விடச் சுருக்கமானது. அடிச்சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண் எதுவோ அதுவே வண்டி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத உதிரிபாகம் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மேலே சொன்ன சங்கிலியில் பல கண்ணிகள் இந்த எல்லைக்கு வெளியே விழுகின்றன. சாலையில் உடன் செல்பவரின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் சட்டத்தின் இந்தக் கண்டிப்பு நியாயமானது. சாலையை நம்பி நடப்பவருக்கு ஒரு வண்டி எப்படி நிற்கும், எங்கே நிற்கும் என்பதே அதன் அடையாளம். தத்துவத்தில் வராத ஒரு மூன்றாம் ஆள் இங்கே கேள்விக்குள் வருகிறார்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினம். ஆசை என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிடும் வழக்கம் உண்டு. திருக்குறளின் அவா அறுத்தல் அதிகாரம் எல்லா உயிர்க்கும் பிறவித் துன்பத்தை விளைக்கும் வித்தாக அவாவைக் கூறுகிறது. அது உண்மை. ஆனால் வளர்ந்துகொண்டே போகும் வண்டி வேலையை அது முழுவதும் விளக்கவில்லை. அடுத்த பாகத்தை வாங்கும்போது உரிமையாளர் பல நேரம் ஆசைப்படுவதே இல்லை. சலிப்போடு வாங்குகிறார், கடன்பட்டு வாங்குகிறார், இது இல்லாமல் வண்டி ஓடாது என்று வாங்குகிறார். ஆசை ஓய்ந்த பிறகும் வேலை நடக்கிறது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை இதற்குச் சரியான சொல்லைத் தருகிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் சார்புத் தோற்றத்தின் பன்னிரண்டு கண்ணிகளில், புலனும் பொருளும் தொடுவது ஊறு. அதில் வரும் இன்ப துன்ப உணர்வு நுகர்வு. நுகர்ந்ததை நோக்கி எழுவது வேட்கை. அதைப் பிடித்துக்கொள்வது பற்று. பற்றிலிருந்து வருவது பவம், அதாவது மேலும் மேலும் ஆகிக்கொண்டே இருத்தல். நூலின் கடைசிக் காதையின் பெயரிலேயே பவத்திறம் என்ற சொல் இருக்கிறது. சங்கிலியின் முறை இதுதான்: ஒவ்வொன்றும் முந்தையதைச் சார்ந்து வருகிறது, யாரும் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. ரீமேப் செய்த முதல் நாள் நெடுஞ்சாலையில் வண்டி எழுந்தபோது முதுகு இருக்கையில் அழுந்தியதே, அது ஊறும் நுகர்வும். அந்த இடத்தில் நின்றிருக்கலாம். பற்று வந்த பிறகு நிற்பதற்கு இடமில்லை, பவம் தானே நடக்கும். ஆசை ஓய்ந்தும் வேலை ஓயாததன் காரணம் இது. கிளட்சுக்குப் பின் கியர்பாக்ஸ் என்பது வேட்கை என்ற கண்ணியைக் கடந்து வெகு தூரம் வந்துவிட்ட நிலை.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். உறுப்புகள் யாவும் மாறிய பின்னும் உரிமையாளர் அதை அதே வண்டி என்கிறார். கழற்றிய பழைய பாகங்களைக் காட்டி அவற்றைக் கொண்டு இன்னொரு வண்டி செய்தால் அதுதான் உங்களுடையதா என்று கேட்டால் உடனே மறுப்பார். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதிய காலம் முதல் ஐரோப்பியத் தத்துவவாதிகள் பலகைகளைக் குறித்து விவாதித்தார்கள். கப்பலை நினைவுச் சின்னமாகப் பேணிய ஏதென்ஸ் மக்களின் மனம் குறித்துப் பேசியது குறைவு. பிக்கப் விஷயத்தில் நிலைத்து நிற்பது சேசிஸ் இரும்பைவிட எனது என்ற எண்ணம்தான். திருக்குறளின் துறவு அதிகாரம் யான், எனது என்ற இரண்டையும் செருக்கு என்று சேர்த்தே வைக்கிறது. எனது என்பதில் ஏற்றும் ஒவ்வொரு பாகமும் யான் என்பதில் ஏறுகிறது. உருவாகிக்கொண்டிருப்பது வண்டி என்றால் அதற்கு ஓர் அளவு இருக்கும். உருவாகிக்கொண்டிருப்பது யான் என்றால் அளவுகோல் ஏது? இரண்டு கேள்விகளும் ஒரே கேள்வி என்பது இங்கே தெரிகிறது. எதனால் அது அதே வண்டியாக இருக்கிறதோ, அதனாலேயே அது முடியாமலும் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி சாலைகளில் இதற்கு மாறான காட்சியும் உண்டு. குட்டி யானை என்று ஊரே அழைக்கும் சிறு சரக்கு வண்டியும் பாரம் ஏற்றும் பிக்கப்புகளும் சிப்காட்டுக்குள் போய்வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றிலும் மாற்றங்கள் நடக்கின்றன. பின் ஸ்பிரிங்குக்கு ஒரு பிளேட் கூடும், தொட்டிக்கு மேல் கம்பி அடைப்பு உயரும், தார்ப்பாய்க்கு வளையம் வரும். ஆனால் அந்த வேலை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஏற்ற வேண்டிய சரக்கு இவ்வளவு, டீசல் செலவு இவ்வளவு, மாதத் தவணை இவ்வளவு என்று கணக்கு வெளியிலிருந்து வருகிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும் தவறு இங்கே நடப்பதுண்டு, அது ஆபத்தும்கூட. எனினும் கட்டும் வேலை முடிவற்றுப் போவதில்லை. சரக்கு என்பது இன்னொருவருடையது; அதைச் சேர்க்க வேண்டிய நேரம் குறித்தாயிற்று.

இந்த வேறுபாட்டைக் கோயில் கட்டுமானத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். வண்டித் திறன் கூட்டுவோர் வேலையை ஸ்டேஜ் ஒன், ஸ்டேஜ் டூ என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கைக்குக் கடைசி எண் கிடையாது. சிற்ப நூல்கள் விமானத்தை ஆறு உறுப்புகளாக எண்ணுகின்றன: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், தூபி. ஒவ்வொன்றின் உயரமும் மற்றொன்றின் உயரத்தைப் பொறுத்து முன்கூட்டியே விதிக்கப்பட்டது. அதிட்டானம் எவ்வளவு என்று முடிவானபோதே தூபி எங்கே நிற்கும் என்பதும் முடிவாகிவிட்டது. தூபிக்கு மேல் வைக்க எதுவும் இல்லை. சிலையிலும் அப்படியே. சிற்பி இறுதியில் கண் திறக்கிறார். அதன் பின் அவர் உளி அதைத் தொடுவதில்லை. செய்தவரின் உரிமை அந்த நொடியில் நீங்கிவிடுகிறது.

கோயிலும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கும், சுதை உதிர்ந்து புதுச் சுதை வரும், உடைந்த கல் மாறும். அதற்கு முன் பாலாலயம் செய்வார்கள். மூலமூர்த்தியின் சக்தியைக் குடத்து நீரிலும் அத்திப் பலகையில் எழுதிய உருவிலும் இறக்கி, சிறியதோர் இடத்தில் வைத்து வழிபாட்டைத் தொடர்வார்கள். வேலை முடிந்ததும் குடமுழுக்கில் அந்தச் சக்தி மீண்டும் உரிய இடத்துக்கு எழுந்தருளும். கல் எத்தனை மாறினாலும் கோயில் அதே கோயில். காரணம் அடையாளம் கல்லில் இல்லை, உள்ளே குடியிருப்பவரிடம் இருக்கிறது. நாகசேனரின் கேள்விக்கும் நியாய வைசேடிகரின் சங்கடத்துக்கும் ஆகம மரபு தந்த செயல்வழி விடை இது. வாதத்தில் இதற்கு ஓட்டை இருக்கலாம். ஆனால் பல நூற்றாண்டுகளாகக் கோயில்களை அதே கோயில்களாக வைத்திருப்பது இதுதான்.

அளவும் முடிவும் பொருளின் பற்றாக்குறையால் வருவன என்று ஒருவர் வாதிடலாம். கல் விலை, கூலி, காலம் எல்லாம் சேர்ந்து கோயிலை நிறுத்துகின்றன, பணம் தீராத இடத்தில் கோயிலும் வளர்ந்துகொண்டே போயிருக்கும் என்பது அந்த வாதம். இதற்கு மறுப்பாக இதே மாவட்டத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் ரயில் பாதையில் உள்ள திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் கதையைச் சொல்கிறார். சிவனுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடிய பூசலாருக்கு எங்கும் எதுவும் கிடைக்கவில்லை. மனத்தாலேயே எடுப்பது என்று துணிந்தார். நினைவினாலேயே சிறிது சிறிதாகப் பொருள் சேர்த்தார், கல்லும் மரமும் சேர்த்தார், தச்சர்களைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார். ஆர்வத்தால் இரவிலும் கண் துயிலவில்லை என்கிறார் சேக்கிழார். பட்டறையில் விடிய விடிய நிற்கும் எவரும் அந்த விழிப்பை அறிவார்கள்; அந்த ஈடுபாட்டில் குறை சொல்ல ஏதும் இல்லை.

மனத்தில் கட்டுபவருக்குக் கல் தீராது, கூலி இல்லை, கேட்பார் இல்லை. ஆயிரம் நிலைக் கோபுரம் எழுப்பியிருக்கலாம். பூசலார் ஆகமம் விதித்த முறையில் அடி முதல் முடி வரை எழுப்பினார், சிகரத்தை அளவறிந்து அமைத்தார், தூபி நட்டார், சுதை வேலை செய்தார், கிணறு எடுத்தார், மதில் வளைத்தார், குளம் தொட்டார். நாள் பல ஆனது. பிறகு நிறுத்தினார், இறைவனை எழுந்தருளச் செய்ய நாள் குறித்தார். எல்லையே இல்லாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முடித்த கட்டுமானம் அது. வேறொருவர் குடியேற வேண்டியிருந்ததால் முடிந்தது.

அதே நாளைக் காஞ்சியில் காடவர் கோமான் எனப்படும் பல்லவ அரசனும் தான் எடுத்த கற்கோயிலுக்குக் குறித்திருந்தான். அவன் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூரில் அன்பன் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை புகுவதாகவும், அவன் தன் நாளைத் தள்ளி வைக்க வேண்டும் என்றும் சொன்னான். அரசன் நின்றவூருக்கு வந்து பூசல் எடுத்த கோயில் எது என்று கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றார்கள் ஊரார். அரசன் பூசலாரிடமே சென்று கேட்டபோதுதான் அவர் நடந்ததைச் சொன்னார். அரசன் அவரை வணங்கித் தன் நகருக்குத் திரும்பினான். பூசலார் குறித்த நாளில் குறித்த வேளையில் இறைவனை அந்தக் கோயிலில் நிறுவி, அதன் பின் கட்டுவதற்கு ஏதும் இன்றிப் பூசை செய்துவந்தார். திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்ற பெயரில் ஒரு கற்கோயில் இருக்கிறது. அது பின்னால் வந்தது.